ஆம்பளை கை தூக்கினால் பஸ் நிற்கும்

டிரைவர் எங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். ஆறேழு பெண்கள், சாப்பாட்டுக் கூடையும் கைப்பையுமாக, நிறுத்தத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். அறுவடைக் காலம். சாலையின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த எங்கள் டவுன் பஸ் பாபநாசம் பக்கமிருந்து வந்தது. நிற்கப்போவது போல வேகம் குறைந்தது. அப்புறம் சர்ரென்று போயே போய்விட்டது.

பஸ்ஸில் இடம் இல்லையா என்றால், இருந்தது. பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைக்கூடப் பார்த்தேன். கண்டக்டர் மட்டும், எதிர்ப் பக்கத்து வயலில் ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஸ் போன வேகத்தில் நெல்லின் சுணை பறந்து வந்து கழுத்தில் ஒட்டி அரித்தது.

“போயிட்டானே பாவி!” என்று தலையில் கை வைத்தாள் செல்வி. தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. பேச்சை முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். டிரைவரைத் திட்டிய வாய்தான் அது, ஆனால் கண் என்னைத் திட்டியது.

பக்கத்து டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அதைவிட எரிச்சல். பஸ் நிற்காமல் போனதற்கு டிரைவர் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி நான். முந்தின வாரம் அந்த பெஞ்சோடு நான் போட்ட சண்டை.

அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் நான் எதற்காக ஒரு டவுன் பஸ்ஸுக்கு இப்படி அல்லாடினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுக்கு மேல் ஒரு உத்தியோகம்

அய்யம்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷர். ஆனால் கடை, வீடு, பள்ளிவாசல் தவிர நாலாவது இடம் அவருக்கும் தெரியாது, எனக்கும் காட்டவில்லை. அவர் மவுத்தானதும் கடையை மூடினோம். புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்து நான் வெளியே வந்தபோது, என் மகன் ரியாஸ் ஷார்ஜாவிலிருந்து போன் போட்டுச் சொன்னான்: “அம்மா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நிம்மதியா உக்காருங்க.”

உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்தான் உட்கார்வது? சுவரைப் பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் சுண்ணாம்பு உரிகிறது என்பதுகூட மனப்பாடம் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். அந்தச் சான்றிதழ் பீரோவின் அடியில் கிடந்தது. ஒருநாள் ஒரு வாரிசு விவகாரமாகத் தஞ்சாவூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் போயிருந்தபோது, அவர் ஆள் கிடைக்காமல் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. “தள்ளுங்க சார், நான் அடிக்கிறேன்” என்றேன். மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. கிரயப் பத்திரம், தானப் பத்திரம், நான்கு எல்லை, புஞ்சை, நஞ்சை என்று என் விரல் ஓட ஓட, யாரோ என்னை எனக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

ரியாஸுக்குப் பிடிக்கவில்லை. “நான் அனுப்பறது பத்தலையா? ஊர்ல என்ன பேசுவாங்க?” என்பான். வாராவாரம் இதே பாட்டு. சார் ஒரு பக்கம் வேறு பாட்டு பாடுவார். ரிஜிஸ்டர் ஆபீஸில் காலையில் டோக்கன் கூப்பிட ஆரம்பிப்பதற்குள் பத்திரம் தயாராக இருக்க வேண்டும். ஆள் லேட் என்றால் பத்திரம் லேட், பத்திரம் லேட் என்றால் பார்ட்டி சண்டைக்கு வரும்.

அய்யம்பேட்டையைத் தாண்டி இருக்கிற எங்கள் சின்ன ஊரில் வெளியூர் பஸ் எதுவும் நிற்காது. அந்த ஒரு டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது வர ஒரு மணி நேரமாகும். அதாவது, ரோஸ் கலர் பஸ் நின்றால் எனக்கு அந்த நாற்காலி. நிற்காவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர்.

துண்டு போடும் கலை

பஸ் பிடிப்பது என்பது எங்கள் பக்கத்தில் சும்மா ஏறி உட்கார்கிற காரியம் இல்லை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் பஸ் உள்ளே நுழையும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டால் அந்த சீட் உங்களுடையது. சட்டத்தில் இல்லை, ஆனால் சட்டத்தைவிடப் பெரிய சட்டம். துண்டை எடுத்துவிட்டு உட்கார்கிறவன் அன்றைக்கு மொத்த பஸ்ஸுக்கும் விரோதி.

நான் வேலைக்குப் போன புதிதில் இந்தக் கலை எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்ட முதல் நாளே, மகா உற்சாகமாக என் சாப்பாட்டுக் கூடையை ஜன்னல் வழியாகப் போட்டேன். படிக்கட்டுப் பக்கம் சுற்றி வந்து போர்டைப் பார்த்தால், மன்னார்குடி. ஏற முடியாமல் கூட்டம் நெருக்க, பஸ் கிளம்பிவிட்டது. என் எவர்சில்வர் டிபன்பாக்ஸ் ஜன்னல் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து மன்னார்குடி போனது. நான் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அந்த பஸ் கண்டக்டரே கூடையைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். “டிக்கெட் எடுக்காம வந்துச்சுக்கா உங்க கூடை” என்றார்.

எல்லாக் கண்டக்டரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு சிலருக்கு மூஞ்சியே மாறிவிட்டது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுக்காமல் விரலிடுக்கில் செருகுவார்கள். “ஓசிதானே, பின்னாடி போய் நில்லுங்க” என்பார்கள். ஓசியா? நான் வாங்குகிற தீப்பெட்டியிலிருந்து போன் ரீசார்ஜ் வரைக்கும் வரி கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். யாருடைய பாக்கெட்டில் இருந்தும் எடுக்கவில்லை.

முன்னால் ஒரு ஆண்

இப்போது டீக்கடை பெஞ்சுக்கு வருகிறேன்.

பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்கள் நிறுத்துவதில்லை. ஒரு ஆண் நின்றால் நிறுத்துவார்கள். இதைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர்ப் பெண்கள்தான். அதனால் ஒரு ஏற்பாடு. டீ குடிக்க வந்த யாராவது ஒரு ஆண் நிறுத்தத்தில் நின்று கையைத் தூக்குவார். நாங்கள் நிழற்குடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். பஸ் நின்றதும் திபுதிபுவென்று ஓடி ஏறுவோம். கை தூக்கியவர் ஏறமாட்டார். வேட்டியைத் தட்டிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விடுவார்.

முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக உடம்பு கூசியது. என் வயதில், என் ஊரில், அரசாங்க பஸ்ஸில் ஏற நான் சுவருக்குப் பின்னால் குந்தி ஒளிய வேண்டுமா?

பெஞ்சுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யார் முதலில் ஏறுவது என்றுகூட உத்தரவு போட ஆரம்பித்தார்கள். அதில் வீராசாமி என்று ஒருவர். குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர், காலையில் அவர் இல்லாமல் அந்தக் கடையில் பால் பொங்காது. ஒருநாள் பஸ்ஸை நிறுத்திக் கொடுத்துவிட்டு, மறுநாள் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

“என்னம்மா, நேத்து ஒரு வார்த்தை சொல்லாம ஏறிப் போயிட்டீங்க? நாங்க கைய தூக்கலேன்னா நீங்கல்லாம் இங்கயே குந்திக்கிட்டு கெடக்க வேண்டியதுதான். ஓசியில போறதுக்கே இவ்வளவு தோரணை!”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அண்ணே, இனிமே உங்க கைய நீங்களே வச்சுக்குங்க. டீ கிளாஸ் புடிக்க ஆகும்” என்றேன்.

அன்றிலிருந்து பெஞ்சில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பஸ் எங்களைத் தாண்டிப் போவதை சினிமா மாதிரிப் பார்த்தார்கள். சில நாள் நின்றது, பல நாள் போனது. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் காலையும் அப்படித்தான் போனது.

செல்வி என்னிடம் நேராகவே கேட்டாள்: “ரோஷம் உங்களுக்கு. சம்பளம் புடிக்கிறது எனக்கு. ஒரு வார்த்தை நல்லவிதமா சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?”

அவள் கேட்டதில் தப்பு இல்லை.

அன்று அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் போய்விட்டது. பார்ட்டி நன்னிலத்திலிருந்து வந்தவர்கள், கத்திவிட்டுப் போயிருந்தார்கள். சார் குரலை உயர்த்தவில்லை. “உங்க வேலைல குறை இல்லம்மா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன். பக்கத்துத் தெருவுலயே ஒரு பொண்ணு இருக்கு, நடந்தே வந்துரும்” என்றார்.

வைக்கோல் மாப்பிள்ளை

யோசனை பாக்கியத்துடையது. மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறாள். ஒரு முட்டி மடங்காது, வாய் மட்டும் நன்றாக நீளும். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வழியெல்லாம் வயலில் வைக்கோல் கட்டுக் கட்டாகக் கிடந்தது. பாக்கியம் நின்றாள்.

“ஏங்க்கா, அவனுக்கு ஒரு ஆம்பளைதானே வேணும்? செஞ்சு குடுத்துருவோம்.”

செல்வி முதல்முறையாக அந்த வாரத்தில் சிரித்தாள்.

பாக்கியம் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கட்டினோம். வைக்கோலில் உடம்பு வந்துவிட்டது, கைக்கு மூங்கில் குச்சி வந்துவிட்டது. வலது கை மேலே தூக்கி நிற்கிற மாதிரி கட்டினோம். சட்டை? பாக்கியத்தின் புருஷன் சட்டை கிழிந்தது. செல்வியின் புருஷன் கேட்டால் உதைப்பான். நான் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தேன்.

அவருடைய வெள்ளைச் சட்டை. ஒரு பெருநாளுக்கு ரியாஸ் அனுப்பியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினோம், ஒருநாள்கூட அவர் என்னை பஸ் ஏற்றிவிட வந்ததில்லை. “வாங்க, இப்பவாவது வாங்க” என்று அவரிடம் சொன்னேன். எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுதும்விட்டேன். சட்டையோடு ஒரு கைலியும் எடுத்துக்கொண்டேன்.

பாக்கியம் கரியை எடுத்து மீசை வரையப் போனாள். உருவத்துக்கு முகம் வைப்பது எங்கள் மார்க்கத்தில் ஆகாது, அதுவும் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு. “மூஞ்சி மட்டும் வேணாம் பாக்கியம்” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தலையில் துண்டைச் சுற்றி, முகம் இருக்கிற இடத்தையும் மூடி முண்டாசு கட்டிவிட்டாள்.

காலையில் கொண்டுபோய் நிறுத்தத்துக் கம்பத்தில் சாய்த்துக் கட்டினோம். டீக்கடை பெஞ்சு வாயைப் பிளந்து பார்த்தது. வீராசாமி கையில் டீ ஆறியது. நாங்கள் நிழற்குடைக்குப் பின்னால் போனோம்.

பஸ் வளைவில் திரும்பியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. கிறீச்சென்று நின்றது. படிக்கட்டு சரியாக அவர் முன்னால்!

கண்டக்டர் தலையை நீட்டி, “ஏறுய்யா, தஞ்சாவூரா?” என்றார்.

பதில் இல்லை.

“யோவ், உன்னைத்தான்! கைய தூக்கிட்டு மரம் மாதிரி நிக்கிற, ஏறுறியா இல்லையா?”

அதற்குள் நாங்கள் படியில் காலை வைத்துவிட்டோம். பாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டே, “அவரு வரலீங்க. எங்கள ஏத்திவிடத்தான் வந்தாரு” என்றாள்.

கண்டக்டர் குனிந்து முண்டாசுக்குள் பார்த்தார். வைக்கோல். பஸ்ஸில் முதலில் யாரோ ஒருவர் களுக்கென்றார், அப்புறம் மொத்த பஸ்ஸும் சிரித்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி போனை எடுத்து வீடியோ பிடித்தாள்.

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “யாரு பண்ண வேலை இது?”

“நான்தான்” என்றேன். “மூஞ்சியே இல்லாத ஆளுக்கு பிரேக் போட்டீங்களே, நாங்க இத்தனை பேரு மூஞ்சியோட தெனம் நிக்கறோம். எங்களக் கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“கவர்மென்ட் வண்டிய ஏமாத்தறீங்களா? கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்!” என்றார் கண்டக்டர்.

“தாராளமா குடுங்க. நானே டைப் அடிச்சுத் தர்றேன். தமிழ் டைப்பிங் எனக்கு நல்லா வரும்.”

மறுபடியும் சிரிப்பு. டிரைவர் முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அன்று டோக்கன் கூப்பிடுவதற்கு வெகு நேரம் முன்னாலேயே பத்திரத்தை அடித்து சார் மேஜையில் வைத்தேன்.

ஷார்ஜாவில் இருந்து

அந்தப் பெண் எடுத்த வீடியோ என்னைவிட வேகமாக ஊருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து கடல் தாண்டியும் போய்விட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது ரியாஸ் கூப்பிட்டான். கத்தப்போகிறான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அம்மா, அது அத்தா சட்டை.”

“ஆமாண்டா.”

“நான் அனுப்புன சட்டைம்மா அது.”

அவன் குரல் உடைந்திருந்தது. “சாயங்காலம் வந்ததும் அவுத்து, தொவச்சுக் காயப் போட்டிருக்கேன். ஒரு நூல்கூடப் பிரியல” என்றேன்.

“ரூம்ல எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க. உங்களுக்கு என்னம்மா கொறச்சல்? பஸ்ஸுக்காரங்கிட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? போதும். நாளையிலேர்ந்து போகாதீங்க.”

“சட்டைய எடுத்தது உனக்கு வலிச்சிருந்தா, அதுக்கு என்னை மன்னிச்சுக்கடா. வேலைக்குப் போறதுக்கு யாருகிட்டயும் மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

“காலையில டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி கூப்புடுவேன். நீங்க வீட்டுல இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தூக்கம் வரவில்லை. பெற்ற பிள்ளை. வெயிலில் வேலை பார்த்துச் சம்பாதிப்பவன். அவனை நோகடிப்பது எனக்கென்ன சந்தோஷமா? ஆனாலும் நினைத்து நினைத்துப் பார்த்தேன், அந்தச் சுவருக்குத் திரும்பிப் போக எனக்கு மனசு வரவில்லை. வரவே இல்லை.

யாரும் ஓடாதீங்க

மறுநாள் செல்வி சீக்கிரமே வந்து காத்திருந்தாள். “எங்கக்கா மாப்பிள்ளை?” என்றாள்.

“அவருக்கு லீவு. இன்னிக்கு நான் நிக்கறேன்.”

“விளையாடாதீங்கக்கா. இன்னொரு தடவை விட்டா உங்க வேலை போயிடும்.”

தெரியாதா எனக்கு? ஆனால் தினமும் அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம்? பெஞ்சு ஆணுக்குப் பதிலாக வைக்கோல் ஆண், அவ்வளவுதான். ஒளிகிறது நாங்கள்தானே! இனி ஒருநாளும் சுவருக்குப் பின்னால் குந்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மற்றவர்களும் தயங்கித் தயங்கி வந்து பக்கத்தில் நின்றார்கள். வளைவில் ரோஸ் கலர் தெரிந்தது. கையைத் தூக்கினேன். அதே டிரைவர், அதே கண்டக்டர். டிரைவர் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பஸ் எங்களைத் தாண்டியது.

தாண்டிப் போய், வெகு தூரம் தள்ளி நின்றது.

இது அடுத்த வித்தை. நிறுத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடை குலுங்க, நாய் துரத்துகிற மாதிரி ஓட வேண்டும். அவர் கண்ணாடியில் பார்த்து ரசிக்க வேண்டும். செல்வி ஓடத் தொடங்கிவிட்டாள். பாக்கியம் மடங்காத காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் தாங்கித் தாங்கிப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

“யாரும் ஓடாதீங்க!”

எல்லோரும் நின்றார்கள்.

“அக்கா, போயிட்டான்னா?” என்றாள் செல்வி.

“போகட்டும். நடந்து வாங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, சார் முகம், பக்கத்துத் தெருப் பெண், என் நாற்காலி எல்லாம் கண்முன்னால் வந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். கால் ஓடு ஓடு என்றது. பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கால் எவ்வளவு வருமோ அவ்வளவே நடந்தேன்.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: “ஓடி வாங்க, ஓடி வாங்க! டைம் ஆச்சு!”

நடந்தோம். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டார். பஸ் ஒரு முழம் நகர்ந்தது. என் கை பாக்கியத்தின் கையை இறுக்கியது. அவள் “விடுங்கக்கா, வலிக்குது” என்றாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: “வர்றாங்கல்ல! இருய்யா கொஞ்சம்!” பாபநாசத்தில் ஏறியவராக இருக்கும், யார் என்று இன்றுவரை தெரியாது. இன்னொரு குரல் சேர்ந்தது. அப்புறம் தகரத்தில் தட்டுகிற சத்தம், ஒரு கை, பல கைகள். விசில் வாயிலேயே இருந்தது, ஊதவில்லை.

போய்ச் சேர்ந்தோம். பாக்கியத்தை முதலில் ஏற்றினேன். செல்வி ஏறினாள், மற்றவர்கள் ஏறினார்கள். கடைசியாக நான் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து உள்ளங்கையில் வைத்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

உட்கார்ந்து மூச்சு விட்டேன். இரட்டை விசில் ஊதியதும் பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் கைப்பையில் போன் அடித்தது. ரியாஸ்.

“அம்மா, வீட்டுலதானே இருக்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் அடுத்த நிறுத்தத்துக்கு விசில் அடித்தார்.

“என்னம்மா சத்தம் அது?”

“என் பஸ்ஸுடா. வேலைக்குப் போயிட்டிருக்கேன். நீயும் கெளம்பு, டூட்டிக்கு லேட்டாயிடப் போவுது.”